காணாமல் போன 25 எழுத்துகளும் தம்பியின் மரணமும்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். தம்பியின் இழப்புக்கு ஆறுதல் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அந்த இழப்பைத் தொடர்ந்து உங்கள் கைக்கு வந்த மரபணுச் சோதனை அறிக்கை, மரபணுத் தரவுகளைக் கணினியில் ஆராயும் என் தொழிலுக்கு உட்பட்டது. அதைப் பற்றி விரிவாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மற்ற வாசகர்களுக்காக உங்கள் கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன். 29 வயதான உங்கள் தம்பி கைப்பந்து விளையாடிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்து இறந்துவிட்டார். இதயத்தின் இடது கீழறைச் சுவர் 24 மில்லிமீட்டர் தடித்திருந்ததாகப் பிரேதப் பரிசோதனை அறிக்கை சொல்கிறது. இரத்த உறவினர்கள் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால், எந்த அறிகுறியும் இல்லாத நீங்கள் ஒரு தனியார் ஆய்வகத்தில் மரபணுச் சோதனை செய்துகொண்டீர்கள். எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற மரபணுவின் ஒரு பிரதியில் 25 எழுத்துகள் (டி.என்.ஏ.வின் சிறு அலகுகள்) இல்லை என்றும், அது 'இதயத் தசைத் தடிப்பு நோயுடன் தொடர்புடையது' என்றும் முடிவு வந்தது. உங்கள் தாய்மாமாவுக்கும் பல ஆண்டுகளாக இதயச் சுவர் தடிப்பு இருக்கிறது; மாத்திரையில் இருக்கிறார். உங்கள் தங்கைக்கும் அந்த மாமாவின் மகனுக்கும் ஆவணியில் திருமணம் நிச்சயமாகியிருந்தது. இப்போது இரு வீட்டாரும் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். உங்களுக்கும் இந்த நோய் உண்டா, 8 வயது மகனுக்கு வருமா, திருமணத்தை நிறுத்த வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கணினித் திரையில் எழுத்துகளைப் பார்க்கும் ஒருவர் எங்கள் தலைவிதியை எப்படிச் சொல்ல முடியும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்குக் காத்திருக்க வைக்காமல் பதில் சொல்கிறேன். அந்த அறிக்கையை வைத்து உங்களுக்கு நோய் இருக்கிறது என்று சொல்ல முடியாது. இன்னும் தெளிவாகச் சொன்னால், தம்பியின் உயிரைப் பறித்தது அந்த 25 எழுத்துகளின் இழப்புதான் என்று சொல்லவும் அதில் ஆதாரம் இல்லை. அதே வேளையில், உங்கள் குடும்பத்தில் ஒரு பரம்பரை இதய நோய் இருப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் இரண்டு வீடுகளிலும் இத்தனை வேதனை.

எங்கள் வேலை என்ன என்பதைச் சொன்னால் இது விளங்கும். மனித மரபணுத் தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்டது. எழுத்துகள் ஏ, டி, ஜி, சி என்ற நான்குதான். எந்த மனிதரை எடுத்துக்கொண்டாலும், ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் மாதிரித் தொகுதியிலிருந்து அவர் 40 முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபட்டிருப்பார். நீங்களும் அப்படித்தான், நானும் அப்படித்தான், நூறு வயதுவரை நோயின்றி வாழ்ந்த பாட்டியும் அப்படித்தான். ஆகவே மாற்றத்தைக் கண்டுபிடிப்பது எங்களுக்குப் பெரிய வேலை இல்லை. இயந்திரமும் நிரலும் சில மணி நேரத்தில் அதைச் செய்துவிடும். அத்தனை லட்சம் மாற்றங்களில் இந்தக் குடும்பத்தின் நோய்க்குக் காரணமானது எது என்று பிரித்தறிவதில்தான் ஒரு உயிரித் தகவலியல் ஆய்வாளரின் நாள்கள் கழிகின்றன.

உங்கள் முடிவு எங்கள் திரையில் எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்கிறேன். உங்கள் டி.என்.ஏ.வைச் சிறு துண்டுகளாக்கி வாசித்து, ஒவ்வொரு துண்டையும் அதற்குரிய இடத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். திரையில் அவை சாம்பல் நிறப் பட்டைகளாகத் தெரியும். 11ஆம் குரோமோசோமில் அந்த மரபணு இருக்கும் இடத்துக்குப் போனால், ஏறத்தாழப் பாதிப் பட்டைகள் இடையில் அறுந்து, அந்த இடைவெளியில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடும், அதன் மேல் 25 என்ற எண்ணும் தெரியும். மீதிப் பாதி அறுபடாமல் இருக்கும். அப்பா கொடுத்த பிரதியும் அம்மா கொடுத்த பிரதியுமாக இரண்டு இருப்பதால்தான் இந்தப் பாதிக் கணக்கு. திரையைப் பார்த்து உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஒரு பிரதியில் 25 எழுத்துகள் இல்லை. அது நோயைத் தருமா என்பதற்குத் திரைக்கு வெளியே போய்த்தான் சான்று தேட வேண்டும்.

அந்தச் சான்றில் முதலாவது எளிய கணக்கு. இந்த 25 எழுத்து இழப்பு தெற்காசியர்களில் நூற்றுக்குச் சுமார் 4 பேரிடம் இருக்கிறது. சில குழுக்களில் அதைவிட அதிகம். இதயத் தசைத் தடிப்பு நோயோ ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு வருவது. 500 பேர் கூடியிருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே இந்த இழப்பு உள்ளவர்கள் 20 பேர் இருப்பார்கள். நோயாளி ஒருவர் இருப்பார். அந்த ஒருவரின் நோய்க்கு இந்த இழப்புதான் காரணம் என்று வைத்துக்கொண்டாலும், மீதி 19 பேர் நோய் இல்லாமல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் எந்த ஊரில் இந்த மரபணுவைச் சோதித்தாலும் 25 பேருக்கு ஒருவர் வீதம் இந்த வரி அறிக்கையில் வரத்தான் போகிறது. உங்கள் தம்பி இறக்காமல் இருந்திருந்தாலும், நீங்கள் வேறு ஏதோ காரணத்துக்காகச் சோதனை செய்திருந்தாலும், இதே வரி வந்திருக்கும்.

அப்படியானால் ஆய்வகம் ஏன் நோயுடன் தொடர்புடையது என்று எழுதியது? அது கற்பனையாக எழுதப்பட்டதன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு, அதில் நம் ஊருக்கும் பங்குண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணியும், ஐதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜும், அவர்களுடன் பணியாற்றிய பல நாட்டு ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்த இழப்பை உலகறியச் செய்தது. இந்திய நோயாளிகளையும் நோயற்றவர்களையும் ஒப்பிட்டபோது, இழப்பு உள்ளவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்கு கூடுதலாகத் தெரிந்தது. அந்த ஒப்பீடு பொய்யானதன்று. நோயாளிகளிடம் அந்த இழப்பு உண்மையிலேயே கூடுதலாக இருந்தது. ஆனால் கூடவே இருப்பது வேறு, காரணமாக இருப்பது வேறு. மரபணு ஆய்வில் இந்த வேறுபாடு தெளிவாவதற்குச் சில சமயம் பத்தாண்டுகள் ஆகிவிடுகின்றன.

நம் வீடுகளில் பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து மகளுக்கும் போகும் பித்தளைப் பூண் போட்ட பெட்டியை நினைத்துப் பாருங்கள். பெட்டி கை மாறும்போது உள்ளே இருப்பதும் சேர்ந்தே கை மாறுகிறது. குரோமோசோமில் அருகருகே இருக்கும் எழுத்துகளும் அப்படித்தான், தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தே பயணம் செய்கின்றன. 25 எழுத்து இழப்பு என்பது பெட்டியின் மேலுள்ள பழைய கீறல். கோடிக்கணக்கானோரிடம் அந்தக் கீறல் விழுந்த பெட்டி இருக்கிறது, உள்ளே தீங்கு ஏதுமில்லை. எப்போதோ ஒரு மூதாதையரிடம், கீறல் விழுந்த ஒரு பெட்டிக்குள் இன்னொரு மாற்றம் புதிதாக நேர்ந்தது. அவருடைய வழித்தோன்றல்களிடம் மட்டும் கீறலும் அந்தப் புதிய மாற்றமும் சேர்ந்தே இருக்கின்றன. நோயைத் தருவது இரண்டாவது மாற்றம். ஆனால் ஆய்வாளர்கள் பார்த்தது கீறலை.

2020இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத்தான் காட்டியது. 5,393 நோயாளிகளின் தரவுகளை ஆராய்ந்தவர்கள், 25 எழுத்து இழப்பின் மேல் சுமத்தப்பட்ட ஆபத்து முழுவதையும் அதே பிரதியில் சிலரிடம் மட்டும் இருக்கும் ஓர் அரிய மாற்றம் விளக்கிவிடுகிறது என்றும், இழப்பு மட்டும் தனியாக உள்ளவர்களுக்கு இந்த நோயின் ஆபத்து கூடுவதில்லை என்றும், இழப்பை மட்டும் தனியாகச் சோதித்து முடிவு சொல்லக் கூடாது என்றும் எழுதினார்கள். இடையில் 2018இல் சக்திவேல் சடையப்பனின் குழு, அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்களை ஆராய்ந்து, இழப்பு உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம் கூடவே வேறொரு மாற்றமும் இருப்பதையும், அவர்களுடைய இதயம் அளவுக்கு மீறிய விசையுடன் சுருங்குவதையும் காட்டியிருந்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இப்படிப் படிப்படியாகத்தான் வலுப்பட்டது.

அந்த அரிய மாற்றம் இருக்கும் இடம்தான் உங்கள் அறிக்கையின் பெரிய ஓட்டை. மரபணுவில் புரதம் செய்வதற்கான குறிப்பு எக்ஸான் என்ற துண்டுகளில் இருக்கிறது. இடையிடையே இன்ட்ரான் என்ற பகுதிகள் உண்டு. செல் அவற்றை வெட்டி எறிந்துவிட்டு எக்ஸான்களை ஒட்டிக்கொள்ளும். இந்த மாற்றம் 14ஆவது எக்ஸான் தொடங்குவதற்கு 52 எழுத்துகளுக்கு முன்னால், இன்ட்ரானுக்குள் இருக்கிறது. ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. இந்த ஓர் எழுத்து, வெட்டும் இடத்தைத் தவறாகக் காட்டிவிடுகிறது. விளைவாகப் புரதம் முழுமையாக உருவாவதில்லை. பெரும்பாலான மரபணுச் சோதனைகளோ எக்ஸானின் விளிம்பிலிருந்து பத்து, இருபது எழுத்துகள் வரைதான் அறிக்கைக்கு எடுத்துக்கொள்ளும். 52 எழுத்துகள் தள்ளி இருப்பதை நிரல் வடிகட்டி விட்டுவிடும். ஆக, ஆபத்தில்லாத கீறலை அறிக்கை சொல்லிவிட்டது. தேட வேண்டியதைத் தேடவே இல்லை.

இதில் ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. வாசிக்கப்படும் துண்டுகள் எக்ஸானின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை, இன்ட்ரானுக்குள்ளும் கொஞ்ச தூரம் ஓடும். 52 எழுத்து என்பது அப்படியொன்றும் தொலைவில்லை. ஆகவே உங்கள் மூலத் தரவில் அந்த இடம் ஏற்கெனவே வாசிக்கப்பட்டிருக்கலாம். மூலத் தரவுக் கோப்புகளைத் தருமாறும், எம்.ஒய்.பி.பி.சி.3 மரபணுவில் 14ஆவது எக்ஸானுக்கு 52 எழுத்துகள் முன்னால் உள்ள இடத்தைத் தனியாகப் பார்த்து எழுத்து மூலம் பதில் தருமாறும் ஆய்வகத்தைக் கேளுங்கள். அந்த இடம் போதுமான அளவு வாசிக்கப்படவில்லை என்று சொன்னால், அந்த ஓர் இடத்தை மட்டும் தனியாகச் சோதிக்கச் சொல்லலாம்.

ஆனால் அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பரம்பரை நோயில் சோதனையை நோயுள்ளவரிடம்தான் தொடங்க வேண்டும். உங்கள் வீட்டில் அது அறிகுறி எதுவும் இல்லாத உங்களிடம் தொடங்கிவிட்டது. எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் தேடியதால், கண்ணில் பட்டதெல்லாம் காரணமாகத் தெரிகிறது. உங்கள் தாய்மாமா நோயுடன் உயிரோடு இருக்கிறார். இந்தக் குடும்பத்தின் மரபணுக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய முதல் ஆள் அவர்தான். இதயத் தசை நோய்க்கான முழுச் சோதனையை அவருக்குச் செய்யுங்கள். தம்பியின் பிரேதப் பரிசோதனையின்போது இதயத் திசுவை மெழுகுக் கட்டியாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்களா என்றும் மருத்துவமனையில் விசாரியுங்கள், அதிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது கடினம்தான், ஆனாலும் பல சமயம் முடிகிறது. மாமாவிடமும் தம்பியிடமும் ஒரே மாற்றம் இருந்தால் வழக்கு ஏறத்தாழ முடிந்த மாதிரி.

உங்கள் பெற்றோர் இருவரையும் அந்த 25 எழுத்து இழப்புக்குச் சோதிக்கலாம். அது உங்களுக்கு அப்பாவிடமிருந்து வந்திருந்தால், அம்மா வழியில் வரும் இந்த நோய்க்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்று அன்றைக்கே முடிவாகிவிடும். நூற்றுக்கு 4 பேரிடம் உள்ள ஒன்று அப்பாவிடம் இருப்பதில் வியப்பொன்றும் இல்லை.

மாமாவின் சோதனையிலும் காரணம் தெரியாமல் போகலாம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த நோயுள்ளவர்களில் கணிசமானோருக்கு இன்றைய சோதனைகளில் எந்தக் காரணமும் அகப்படுவதில்லை. அப்போது மரபணுவை ஓரமாக வைத்துவிட்டு, எல்லோரும் குறிப்பிட்ட இடைவெளிகளில் எக்கோவும் ஈ.சி.ஜி.யும் எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். அதுவும் நல்ல பாதுகாப்பே.

ஒரு வரி ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில், ஒரு பெண்ணின் அறிக்கையில் ஓர் அரிய மாற்றத்தை நோய்க்காரணமாக இருக்கக்கூடியது என்று வகைப்படுத்தினேன். பொதுத் தரவுத்தளங்களில் அது அபூர்வமாக இருந்தது; அபூர்வமாக இருப்பதே எங்களுக்கு ஒரு சந்தேகக் காரணம். ஆனால் அன்று அந்தத் தளங்களில் பெரும்பான்மையாக இருந்தவர்கள் ஐரோப்பிய வழியினர். பிறகு இந்திஜென் திட்டம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் முழுத் தொகுதியை வாசித்து வெளியிட்டபோது, அதே மாற்றம் நோயற்றவர்கள் பலரிடம் இருந்தது. அறிக்கையைத் திருத்தி அனுப்பினோம். அதற்குள் அந்தப் பெண்ணுக்கு நிச்சயமாகியிருந்த சம்பந்தம் முறிந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. திருத்தம் போன தேதியும் அந்த அறிக்கையின் எண்ணும் இன்றும் எனக்கு மனப்பாடம். அமெரிக்காவிலும் இதே தவறு நடந்திருக்கிறது: இதே இதயத் தசை நோய்க்கான சோதனையில், கறுப்பினத்தவரிடம் சாதாரணமாகக் காணப்படும் சில மாற்றங்களை நோய்க்காரணம் என்று சொல்லி வந்தார்கள் என்பதை 2016இல் ஓர் ஆய்வு வெளிப்படுத்தியது. ஒப்பிட்டுப் பார்க்கும் கூட்டத்தில் அவர்களைப் போன்றவர்கள் போதுமான அளவு இல்லாததுதான் காரணம். நம்மவர்களின் மரபணுக்களை நாமே பெருமளவில் வாசிக்க வேண்டும் என்று நான் இத்தனை பிடிவாதமாகச் சொல்லி வருவதற்கு அந்தப் பெண்ணும் ஒரு காரணம். ஜீனோம்இந்தியா திட்டத்தில் 10,000 பேர் அளவுக்குத் தரவு சேர்ந்திருப்பது எனக்குப் பெரும் நிம்மதி.

இனி திருமணம். இதில் உங்கள் குடும்பத்தார் பயப்படுவது தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் நடக்கும் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவை உறவுக்குள் நடப்பவை. அவற்றில் பொதுவாகச் சொல்லப்படும் ஆபத்து, இரு பிரதிகளும் பழுதானால் மட்டுமே வரும் நோய்களைப் பற்றியது. உங்கள் குடும்பத்து நோய் அந்த வகையைச் சேர்ந்ததன்று; ஒரு பிரதி பழுதானாலே வரக்கூடியது, பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்நியத்தில் பெண் கொடுத்தாலும் எடுத்தாலும் இந்தப் பாதி மாறாது.

உறவுக்குள் கூடுதலாக வரும் ஆபத்து வேறு. மாமாவின் நோயும் தம்பியின் நோயும் ஒரே காரணத்தால் வந்தவை என்றால், மாமா மகனிடம் அந்த மாற்றம் இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. உங்கள் அம்மா வழியாகவே தம்பிக்கு வந்திருக்க வேண்டும் என்பதால் தங்கையிடம் இருக்கவும் இரண்டில் ஒரு வாய்ப்பு. இருவரிடமும் இருக்க நான்கில் ஒன்று. அப்படி இருந்தால், ஒவ்வொரு குழந்தையும் இரண்டு பழுதான பிரதிகளையும் பெற நான்கில் ஒன்று. மொத்தத்தில் பதினாறில் ஒன்று. இந்தப் பதினாறில் ஒன்றை நான் அற்பமாக நினைக்கவில்லை. எம்.ஒய்.பி.பி.சி.3இன் இரு பிரதிகளும் செயலிழந்த குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே இதயம் செயலிழக்கக்கூடும். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்துக் குழந்தைகளிடம் இது கண்டறியப்பட்டிருக்கிறது, அவர்கள் ஒரு வயதைக்கூடத் தாண்டவில்லை.

ஆனால் இந்தப் பதினாறில் ஒன்று என்பது சோதனைக்கு முந்தைய கணக்கு. மாமாவிடம் காரணம் தெரிந்துவிட்டால், தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் அந்த ஓர் இடத்தை மட்டும் சோதித்தால் போதும். இருவரில் ஒருவரிடமாவது அது இல்லை என்றால், குழந்தைக்கு இரட்டைப் பழுது வரும் என்ற பயத்துக்கு அங்கே இடமில்லை. இருவரிடமும் இருந்தால், அப்போதும் முடிவு அவர்கள் இருவருடையதுதான். கருவிலேயே சோதிக்கும் வழி உட்பட எல்லாவற்றையும் ஒரு மரபணு ஆலோசகர் அவர்களுடன் உட்கார்ந்து பேச வேண்டும். ஆகையால் திருமணத்தை நிறுத்தவும் வேண்டாம், ஆவணி முகூர்த்தத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். சோதனை முடிவுகள் வரச் சில வாரங்கள் ஆகும், தேதியைத் தள்ளிவையுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்கலாமா என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். நோய் அவர்கள் வீட்டிலும் இருக்கிறது, சகோதரி. மாமாவின் மகனும் எக்கோ எடுக்க வேண்டியவர்தான். இதை அவரிடம் சொல்வது அவருடைய உயிரைக் காக்கும் செய்தியாகவும் இருக்கலாம்.

உங்கள் மகனைப் பற்றி. நான் மருத்துவன் இல்லை. பரம்பரை இதய நோய்களில் பழக்கமுள்ள இதய மருத்துவர்தான் இதில் முடிவு சொல்ல வேண்டும். முறை என்னவென்றால், இறந்தவரின் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் முதலில் எக்கோவும் ஈ.சி.ஜி.யும் எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்களும் தங்கையும் இந்த வாரமே போங்கள். உங்களிடம் அந்தக் குடும்ப மாற்றம் இல்லை என்று உறுதியானால் மகனைத் தொடர்ந்து சோதிக்க வேண்டிய தேவையே எழாது. அதுவரை அவனுக்கும் ஒருமுறை எக்கோ எடுத்து, ஓடி விளையாடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த 25 எழுத்துகளுக்காக அவன் இரத்தத்தை எடுக்க வேண்டாம். இருக்கிறது என்று தெரிந்தாலும் அதை வைத்துச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

கடைசிப் பக்கத்தில், 'என் வயிற்றில்தான் விஷம் இருந்தது' என்று அம்மா அழுவதாக எழுதியிருந்தீர்கள். அவரிடம் இதைச் சொல்லுங்கள்: இந்த மாற்றம் அவரிடம் இருந்தால், அது அவருடைய பெற்றோரில் ஒருவரிடமிருந்து, அவருக்கு முன் எத்தனையோ தலைமுறைகளைக் கடந்து, அவர் கேட்காமலே வந்தது. அவர் பெற்ற மூன்று பேரில் யாருக்கு எந்தப் பிரதி போக வேண்டும் என்பதை அவர் தீர்மானிக்கவில்லை. 55 வயதிலும் அறிகுறி இல்லாமல் இருப்பதால் அவருக்கு நோய் இல்லை என்று நினைத்துவிட்டீர்கள் போலும். மாற்றம் உள்ள சிலருக்குச் சுவர் மிகத் தாமதமாகத்தான் தடிக்கும், சிலருக்குத் தடிப்பதே இல்லை. தம்பி இறந்த நாளிலிருந்து எல்லோரும் பிள்ளைகளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு இதுவரை ஒரு எக்கோகூட எடுக்கவில்லை. நீங்களும் தங்கையும் போகும் அன்றே அவரையும் அழைத்துச் செல்லுங்கள். போகும்போது தம்பியின் பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலையும், மாமாவின் பழைய எக்கோ அறிக்கைகளில் கிடைத்தவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மரபணு அறிக்கையை மருத்துவர் கேட்டால் மட்டும் காட்டினால் போதும். 24 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கும் பக்கத்தை முதலில் காட்டுங்கள்.